மரம் எந்தப் பக்கம்? ஜார்ஜ்டவுன் தெரு ஒன்றில் வெப்பத் தணிப்பு: நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில், யுனெஸ்கோ பாரம்பரிய எல்லைக்குச் சற்று வெளியே உள்ள ஒரு தெருவில் 2024 மார்ச் தொடங்கி 2025 கடைசிவரை நடந்தவற்றின் பதிவு இது. ஆட்கள், கடைகள், ஒப்பந்த நிறுவனங்கள் எதற்கும் பெயர் தரவில்லை. தெருவின் பெயரையும் விட்டுவிட்டேன். வட்டாரச் சமூக நிர்வாக மன்றமான எம்பிகேகே குழுவில் இருப்பதால் கடைக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள், அதிகாரிகள் என மூன்று தரப்புப் பேச்சும் என் காதுக்கு வந்தது. வேறு தெருவில் இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

தெரு வடக்குத் தெற்காக ஓடுகிறது. கிழக்கு வரிசை முழுக்கப் போருக்கு முந்திய கடைவீடுகள்: மளிகை, முடிதிருத்தகம், பூக்கடை, மசாலா அரைக்கும் மில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, ஓர் அடகுக்கடை. முன்னால் தொடர்ச்சியாக அஞ்சடி, அதாவது கடைவீடுகளின் கூரையிட்ட நடைவழி. மேற்கு வரிசையில் நான்கு மாடி அடுக்குமாடி வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கின்றன. கீழ்த்தளத்தில் ஒரு கிளினிக். குடியிருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள், வயதானவர்கள் அதிகம்.

கிழக்கு வரிசைக் கடைகள் மேற்கு பார்த்தவை. இதில்தான் விஷயமே இருக்கிறது. 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், பினாங்கில் மார்ச் மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒன்றரை மணி சுமாருக்குத்தான். பன்னிரண்டு முதல் ஒன்றுவரை சாப்பாட்டு இடைவேளை கொடுத்துவிட்டால் வெயில் நேரத்தைத் தவிர்த்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், சாப்பிட்டுவிட்டு ஆள் வெளியே வரும் நேரம்தான் உச்சிவெயில். அதற்குப் பிறகு நாலரை மணிவரை வெயில் கிழக்கு வரிசையின் முகப்பில் நேராக அடிக்கிறது. மேற்கு வரிசை நடைபாதைக்கு மூன்று மணி வாக்கில் அதன் சொந்தக் கட்டடமே நிழல் தந்துவிடுகிறது.

பினாங்கில் அரசு முயற்சி இல்லாமல் இல்லை. இயற்கைசார் பருவநிலைத் தகவமைப்புத் திட்டம் ஜார்ஜ்டவுனையும் பாயான் லெப்பாசையும் எடுத்துக்கொண்டது. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் உருவான தகவமைப்பு நிதியம் அதற்கு 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஹேபிடாட், நகர மேம்பாட்டு அமைப்பான திங் சிட்டி, மாநில அரசு, மாநகராட்சி எல்லாம் அதில் உண்டு. சாலையோர மரங்கள், பசுமைக் கார் நிறுத்துமிடங்கள், கூரையிலும் சுவரிலும் செடி வளர்ப்பு, மழைநீரைத் தேக்கும் ஏற்பாடுகள் என்று பட்டியல் நீளம். எங்கள் தெரு அந்தத் திட்டத்தில் வரவில்லை. எங்களுக்கு வந்தது வழக்கமான சாலையோர மரம் நடும் வேலை, அதுவும் பின்னால்.

எச்சரிக்கை முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசிய வானிலைத் துறை, ஓர் இடத்தில் தினசரி உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாளாவது 35 முதல் 37 டிகிரி இருந்தால் முதல் நிலை என்கிறது. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40 டிகிரியைத் தாண்டினால் மூன்றாம் நிலை. கடல் சூழ்ந்த பினாங்குத் தீவில் காற்றின் வெப்பம் பெரும்பாலும் 31, 32, 33 என்றுதான் இருக்கும். ஆனால் 33 டிகிரியோடு 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது 40க்கு மேல். வியர்வை வழியும், காயாது. எச்சரிக்கை அளவு எட்டாத நாளிலும் ஆள் விழலாம். எங்கள் தெருவில் விழுந்தார்.

மார்ச் 2024: துப்புரவுப் பணியாளர்

ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண், ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் தெருக் கூட்டுபவர். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். அன்று இன்னொருவர் வராததால் மதியத்துக்கும் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நீளக்கைச் சட்டை, அதன் மேல் ஒளிரும் பட்டை வைத்த பாலியெஸ்டர் மேலங்கி, தலையில் துண்டு, துண்டுக்கு மேல் தொப்பி. வெயிலுக்குப் பாதுகாப்பாகத் தெரியும் இந்த உடுப்பு வியர்வை ஆவியாக விடாது.

இரண்டு மணிக்குச் சற்று முன், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றவர் அசையாமல் நின்றார். முடிதிருத்தகத் தம்பி வெளியே வந்து, "அக்கா, உள்ளே வந்து உட்காருங்க" என்றிருக்கிறார். "பாப்பாவுக்குச் சாப்பாடு கட்டணும், பஸ் போயிடும்" என்று அவர் பதில் சொன்னார். அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் கல்யாணமாகி வருடங்கள் ஆகின்றன. பேச்சு இப்படித் தடம் மாறுவதுதான் முக்கிய அறிகுறி என்று கிளினிக்கில் பிறகு சொன்னார்கள். வெறும் களைப்பில் தலை சுற்றும், வாந்தி வரும். ஆனால் புத்தி தெளிவாக இருக்கும். புத்தி கலங்கிவிட்டால் அது வெப்பத் தாக்கு. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அடுத்த நிமிடம் சாய்ந்துவிட்டார். சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவர் சீனி அதிகம் போட்ட தே ஓ (பாலில்லாத தேநீர்) கொண்டுவந்தார். எதிரே கிளினிக்கிலிருந்து ஓடிவந்த தாதி அதைத் தடுத்தார். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மேலங்கியைக் கழற்றி, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, முடிதிருத்தகத்துத் துண்டுகளை நனைத்து உடம்பெல்லாம் போட்டார்கள். பானக்கடை ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்துக்கும் அக்குளுக்கும் வைத்தார்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு பேர் விசிறிக்கொண்டே இருந்தார்கள். 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்ததால் சில நாள் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

இரண்டு விஷயங்கள் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தன. அவர் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. காலையிலிருந்தே குறைவாகத்தான் குடித்திருக்கிறார். தாகம் இல்லாமல் இல்லை. அவர் கூட்டும் பகுதியில் போய்வரக் கழிவறை கிடையாது. "தண்ணி குடிச்சா எங்கே போறது?" என்று ஆஸ்பத்திரியில் பார்க்கப்போன பெண்களிடம் கேட்டிருக்கிறார். இரண்டாவது, அவர் விழுந்த இடத்திலிருந்து நான்கு எட்டில் அஞ்சடி. நிழல் அங்கேயே இருந்தது. ஆனால் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அடைத்திருந்ததால் அதற்குள் போக வழியில்லை. அன்று எங்கள் வட்டாரத்துக்கு முதல் நிலை எச்சரிக்கைகூட இல்லை.

தெருவை அளந்தது

அனுதாபம் ஒரு வாரம் இருந்தது. அது தணிவதற்குள் ஏதாவது கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று நினைத்தோம். கிளினிக் மருத்துவர் ஒருவர் யோசனை சொன்னார்: எந்த மணிக்கு, தெருவின் எந்த இடத்தில், யார் நிற்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள், வெப்பத்தை அப்புறம் அளக்கலாம். நல்ல யோசனை. விடுமுறையில் இருந்த இரண்டு கல்லூரி மாணவிகள் மதிய வேளைகளில் உட்கார்ந்து குறித்தார்கள்.

கிடைத்த படம் நாங்கள் எதிர்பார்த்தது இல்லை. வெயிலில் அதிக நேரம் நின்றவர்கள் கடைக்கு வந்து போகிறவர்கள் அல்ல. பேருந்துக்குக் காத்திருந்த முதியவர்கள், கிளினிக்கிலிருந்து மருந்துப் பையோடு தெருவைக் கடந்து நிறுத்தத்துக்கு வந்தவர்கள், லோரியிலிருந்து மூட்டை இறக்கியவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பூக்கடை வாசலில் சரம் கட்டும் இரண்டு பெண்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கிழக்குப் பக்கம், ஒன்றரையிலிருந்து நாலரைக்குள்.

சுடும் கருவி என்று பிள்ளைகள் பெயர் வைத்த அகச்சிவப்பு வெப்பமானியில் இரண்டரை மணிக்குத் தார் 57 டிகிரி காட்டியது. அஞ்சடியின் சிவப்புத் தரையோடு 33. இந்தக் கருவியை உலோகத்தில் காட்டி ஏமாறக் கூடாது. பளபளக்கும் இரும்புப் பெஞ்சு கருவியில் குறைவாகக் காட்டும், உட்கார்ந்தால் தோல் தீயும். சாதாரண வெப்பமானியில் வெயிலோரக் காற்றுக்கும் அஞ்சடிக் காற்றுக்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரிகூட இல்லை. "ஒன்றரை டிகிரிக்கா இவ்வளவு பேச்சு?" என்று அடகுக்கடை ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். வெயிலில் நிற்கும் உடம்பைச் சுடுவது காற்று மட்டும் இல்லையே. மேலே சூரியன், கீழே தார், பக்கத்தில் கடைச்சுவர் மூன்றும் சேர்ந்து வீசும் கதிர்வெப்பம் அது. நிழல் அதைத்தான் வெட்டுகிறது. மனிதன் உணரும் வித்தியாசம் வெப்பமானியில் ஏறாது.

வந்த திட்டம்

அதே வருட நடுவில் தெருவுக்கு மரம் நடும் திட்டம் வந்தது. வரைபடத்தை ஓர் ஒப்பந்த நிறுவனம் தயாரித்திருந்தது. அதில் மரங்கள் அனைத்தும் மேற்குப் பக்கம். காரணம் கேட்டால் பதில் தயாராக இருந்தது: கிழக்குப் பக்கம் தரைக்கடியில் தண்ணீர்க் குழாயும் தொலைத்தொடர்புக் கம்பியும் போகின்றன, மேற்குப் பக்கம் காலி. தோண்டுவதற்கு எளிதான இடத்தில் மரம். மூன்று மணிக்கு மேல் ஏற்கெனவே கட்டட நிழல் விழும் நடைபாதைக்கு இன்னொரு நிழல்.

மரத்தின் வகை இன்னொரு சிக்கல். திட்டத்தில் இருந்தது தெகோமா. பினாங்கில் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கி எல்லோரும் படம் எடுத்துப் பகிரும் மரம். பூக்கும் முன் இலையை உதிர்த்துவிடும் என்பதை யாரும் பகிர்வதில்லை. வருடத்திலேயே வெயில் கடுமையான வாரங்களில் அது மொட்டைக் கிளையாக நிற்கும். அழகுக்கு நட்டால் தெகோமா சரி. நிழலுக்கு நட்டால் சரியில்லை.

இதைச் சொல்லப் போனபோது அதிகாரிகள் சண்டைக்கு நிற்கவில்லை. மாணவிகளின் குறிப்பை மேசையில் வைத்ததும் பேச்சின் போக்கே மாறியது. "இங்கே யார் நிற்கிறார்கள் என்ற கணக்கு எங்களிடம் இல்லை" என்று அவர்களில் ஒரு பொறியாளர் நேராகவே ஒத்துக்கொண்டார்.

எடுத்த முடிவுகள்

முதலில் பேருந்து நிறுத்தம். பழைய இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை. காற்றை மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரப் பலகை. புதுக் கூரை போடப் பட்ஜெட் இல்லை. அதற்குப் பதிலாக, நிறுத்தக் கம்பத்தை முப்பது மீட்டர் வடக்கே, அஞ்சடி அகலமாக இருக்கும் முனைக் கடைக்கு முன்னால் நகர்த்தக் கேட்டோம். கம்பத்தைப் பிடுங்கி நடுவதுதான் செலவு. அங்கே காத்திருப்பவர்கள் அஞ்சடிக்குள் நின்றுகொண்டே பேருந்து வருவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது அஞ்சடி, அதிகம் வாதாட வேண்டியிருந்தது இதற்குத்தான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காக விதித்த, தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழி என்ற ஏற்பாடு பினாங்குக் கடைவீடுகளிலும் நிலைத்துவிட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஆன நிழற்பாதை இந்த ஊரில் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அதை நடைபாதைக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆனால் கடைக்காரர் கண்ணுக்கு அது கடையின் நீட்சி. மளிகைக் கடை அண்ணன் கூட்டத்தில் எழுந்து, "தாத்தா காலத்திலிருந்து மூட்டை வெளியேதான். உள்ளே வச்சா நான் எங்கே உட்கார்றது?" என்றார். கோபத்தில் சொன்னாலும் அதில் உண்மை உண்டு. அந்தக் கடை அவ்வளவு சிறியது.

சம்மன் (அபராதச் சீட்டு) கொடுத்து மிரட்டும் வழி வேண்டாம் என்று குழுவில் பெரும்பாலோர் சொன்னோம். தெருவில் ஒரு தடவை சம்மன் விழுந்துவிட்டால் பிறகு யாரும் எதற்கும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். சுவரை ஒட்டி இரண்டடி கடைக்கு, மீதி நடப்பவர்களுக்கு என்று மஞ்சள் கோடு போட ஒப்புக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு அடுக்குமாடிக்குப் பின்னால் இடம் ஒதுக்கப்பட்டது. கேஸ் சிலிண்டர்கள் கொல்லைப்புறம் போயின. இதில் வாக்குவாதமே இல்லை. தீ பயம் எல்லோருக்கும் இருந்தது.

மூன்றாவதாக மரம். கிழக்குப் பக்கம், குழாய் போகாத இடைவெளிகளில் மட்டும், கார் நிறுத்தக் கட்டங்களுக்கு நடுவே ஏழு குழி. தெகோமாவுக்குப் பதில் மகிழம்: இலை அடர்த்தி, வறட்சியில் மொட்டையாகாது, அளவான உயரம். மெதுவாக வளரும் என்பது குறை. நிறுத்துமிடம் குறைகிறது என்று சாப்பாட்டுக் கடை எதிர்த்தது. கட்டங்களைச் சற்று நெருக்கி இரண்டு இடம் மட்டும் இழப்பு என்றானதும் விட்டுக்கொடுத்தது. பூக்கடைக்கு மகிழம் என்றதுமே சம்மதம்.

துப்புரவு வேலை நேரம் எங்கள் கையில் இல்லை. ஆனால் 2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். உடனடி ஆபத்து இருந்தால் வேலையை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. வேலையிட வெப்ப அழுத்தம் பற்றிய வழிகாட்டி 2016 முதலே இருக்கிறது. அது கட்டாயம் இல்லை, வழிகாட்டிதான். இரண்டையும் இணைத்து ஒப்பந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டோம். கழிவறைக்குக் கிளினிக் ஒத்துக்கொண்டது. பின்வாசல் சாவி முடிதிருத்தகத்தில் தொங்குகிறது.

அப்புறம் நடந்தது

பேருந்துக் கம்பம் இரண்டு மாதத்தில் நகர்ந்தது. செலவு மிகக் குறைவு, பலன் அன்றைக்கே. பழைய நிறுத்தத்தில் இப்போது யாரும் நிற்பதில்லை. விளம்பரப் பலகை மட்டும் நிற்கிறது.

அஞ்சடி திறந்தது ஏற்ற இறக்கத்தோடுதான் போனது. முதல் மாதம் கோடு மதிக்கப்பட்டது. தீபாவளிச் சரக்கு இறங்கியதும் இரண்டு கடைகள் பழையபடி கோட்டைத் தாண்டின. பண்டிகை முடிந்ததும் ஒன்று பின்வாங்கியது. இன்னொன்றிடம் இன்றும் மாதத்துக்கு ஒரு முறை பேச வேண்டியிருக்கிறது. மளிகைக் கடை அண்ணன் மூட்டையை உள்ளே அடுக்க மரப்பலகையில் ஒரு பரண் கட்டிக்கொண்டார். வாசல் திறந்ததில் உள்ளே காற்று வருகிறது என்று அவரே சொன்னார். வியாபாரம் கூடியதா என்று கேட்டதற்குச் சிரித்ததோடு சரி.

மரங்களில்தான் அடி வாங்கினோம். பினாங்கில் நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில். ஜனவரி, பிப்ரவரி வறட்சி. கணக்காண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று டிசம்பர் கடைசியில் நட்டார்கள். வேர் பிடிப்பதற்குள் மழை நின்றது. சுற்றிலும் தார், குழி சிறியது. நட்ட நிறுவனத்தின் தண்ணீர் லோரி காலை பதினொரு மணிக்கு வந்து, வேகமாகப் பீய்ச்சிவிட்டு, மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். 2025 மார்ச்சுக்குள் ஏழில் மூன்று பட்டுப்போயின. பிழைத்த நான்கில் இரண்டு பூக்கடைக்கு முன்னால் இருப்பவை. சரம் கட்டும் பெண்கள் பூ நனைத்த வாளித் தண்ணீரை தினமும் சாயங்காலம் மெதுவாக ஊற்றிவந்தார்கள். பட்ட மூன்றும் 2025 அக்டோபரில் மாற்றி நடப்பட்டன. குழிகளை அகலப்படுத்தவும் தழைமண் போடவும் அப்போது சம்மதித்தார்கள்.

ஒப்பந்த நிறுவனம் எங்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. ஆனால் அக்கா திரும்பி வந்தபோது காலை வேலை மட்டும் கொடுத்தார்கள். மதியத்துக்கு வருபவர்கள் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள். ஒருவருடைய பிரச்சினை தீர்ந்து இன்னொருவர் தலைக்கு மாறியிருக்கிறது. சாவி எங்கே இருக்கிறது என்பதை அவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

மறுபடி செய்தால்

எண்ணும் வேலையை மரத் திட்டம் வருவதற்கு முன்பே முடித்திருப்பது பெரிய வாய்ப்பாக அமைந்தது. இனி எந்தத் தெருவிலும் வரிசை இதுதான்: முதலில் ஆட்கள் நிற்கும் இடம், நேரம்; அடுத்து ஏற்கெனவே இருக்கும் நிழலைத் திறப்பது; கடைசியில் புது நிழல். மரம் கடைசியில் வருவது அதன் மதிப்பைக் குறைக்க அல்ல. மகிழம் ஒரு மனிதருக்கு நிழல் தரக் குறைந்தது ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை அந்த மனிதர் எங்கே நிற்பார் என்பதற்கு ஏற்பாடு வேண்டும்.

நடவு செப்டம்பரில். ஒப்பந்தத்தில் நடுவதற்கான பணத்தைப் போலவே இரண்டு வறட்சிக் காலத்துக்குத் தண்ணீர் விடும் பணமும் தனியாக எழுதப்பட வேண்டும். எத்தனை மரம் நட்டோம் என்பதற்குப் பதில், பதினெட்டு மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதற்குப் பணம் தர வேண்டும். துப்புரவு ஒப்பந்தங்களில் ஒன்றரை முதல் நாலரை மணிவரை வெயில் பக்கம் வேலை கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கோரியிருக்கிறோம். எச்சரிக்கை நிலைக்காகக் காத்திருக்கும் ஏற்பாடு தீவுக்குப் பொருந்தாது. மணியை வைத்து எழுதுவதே பொருந்தும்.

அடுக்குமாடியின் மேல்தளத்தை இந்த முயற்சி தொடவே இல்லை. பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் கூரை இரவு பதினொன்றுக்கும் வீட்டுக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது. ஏர்கான் வைத்த வீடுகளின் சுடுகாற்று, வைக்காத வீடுகளின் ஜன்னல் பக்கம் வீசுகிறது. கூரைக்கு வெள்ளை பூசும் கோரிக்கை குடியிருப்பாளர் சங்கத்தில் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணப் பாக்கி வசூலாகாததால் நிறுத்திவைத்திருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர்கள் உள்ள மேல்தள வீடுகளின் பட்டியலை மட்டும் கிளினிக் தாதியும் நாங்களும் தயாரித்தோம். பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை அந்த வீடுகளைச் சாயங்காலம் தட்டிப் பார்க்க ஆறு பேர் முறை வைத்திருக்கிறார்கள்.